டர்பன் கடற்கரைக் காற்றில் ஒரு ஃப்யூஸ் பேனல்: புளூ சீ 5026, அதனுடன் பொருத்திய ரிலேக்கள்

புளூ சீ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் 5026 என்ற எண்ணுள்ள ஃப்யூஸ் பேனல் படகுக்கென்று செய்யப்பட்ட பொருள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹம் என்ற கடலோர ஊரைச் சேர்ந்த அந்த நிறுவனத்தின் பெயர் படகு மின்சாதனங்களால் அறியப்பட்டது. நாங்கள் அந்தப் பேனலைப் படகில் பொருத்தவில்லை; படகை இழுத்துச் செல்லும் பக்கியில், அதாவது பின்னால் திறந்த சரக்குத்தட்டுள்ள சிறு வண்டியில், பொருத்தினோம். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ, அமன்சிம்டோட்டி, உம்கோமாஸ், பார்க் ரைனி என்று நீளும் கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்களின் வண்டிகளில் எஞ்சினுக்கு முன்பே பழுதாவது மின்னிணைப்புகள்தான். சொந்தத் தேவைக்கேற்ப வண்டியை மாற்றியமைத்து, அதற்குப் புதிதாக வயரிங் செய்ய நினைக்கும் நம்மவர்களுக்கு உதவும் என்று, இந்தப் பேனலையும் அதன் அருகில் வைத்த ரிலேக்களையும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகள்) வேலையைச் செய்து தந்த பட்டறையையும் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

வண்டி என் தம்பியுடையது, 1980களின் டொயோட்டா ஹைலக்ஸ். இசிப்பிங்கோவை அடுத்த புராஸ்பெக்டன் தொழிற்சாலையில் ஹைலக்ஸ் இன்றும் உற்பத்தியாவதால் எஞ்சின் உதிரிப்பாகங்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்து வண்டிக்குத் தொழிற்சாலையில் போட்ட வயரிங், நான்கு விளக்கு, ஒரு வைப்பர், ஒரு ரேடியோ என்ற கணக்கில் போடப்பட்டது. தம்பி அதன் சரக்குத்தட்டின்மேல் கேனோப்பி என்ற மூடுகூண்டை ஏற்றி, உள்ளே கம்ப்ரஸர் வகைக் குளிர்பெட்டி, இரை மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்ப், தூண்டில் சாமான்களை நல்ல தண்ணீரில் அலச ஒரு பம்ப், கூரைமேல் 120 வாட் எல்.இ.டி. விளக்கு, பின்புற வேலை விளக்குகள், படகு ரேடியோவுக்கு ஒரு இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து தனி வயர் போனது. சிலவற்றின் நடுவில் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் தொங்கியது, சிலவற்றில் எதுவுமே இல்லை.

5026க்கு முன் அந்த வண்டியில் இருந்தது, ஃப்யூஸ் போனால் சிவப்பு எல்.இ.டி. எரியும் மலிவான பன்னிரண்டு வழிப் பெட்டி ஒன்று. அந்த விளக்கு பார்க்க வசதியாகத் தோன்றினாலும், அது ஃப்யூஸின் இரு கால்களுக்கும் இணையாக இணைக்கப்பட்டிருப்பதால், பழுது பார்க்க ஃப்யூஸைப் பிடுங்கி வைத்தாலும் சில மில்லியாம்பியர் மின்னோட்டம் அந்த வழியில் கசிந்துகொண்டிருக்கும். எல்.இ.டி. விளக்கு இணைக்கப்பட்ட வழியாக இருந்தால் அது மங்கலாக எரிவதைக்கூடக் காணலாம். அதைவிடப் பெரிய குறை அதன் தொடுபகுதிகளில் இருந்தது. வயர்களெல்லாம் 6.3 மி.மீ. தட்டைக் கால்களில் தள்ளிச் செருகப்படுபவை. குலுக்கலில் பிடி தளர்ந்து, தளர்ந்த இடத்தில் எதிர்ப்பு கூடி, எதிர்ப்பு கூடிய இடத்தில் சூடேறி, சூட்டில் பிடி மேலும் தளரும். கடற்காற்று அந்த இடைவெளியில் பச்சைக் களிம்பைப் படியவைத்தபின், ஃப்யூஸ் நன்றாக இருக்கும்போதே சாதனம் நின்றுவிடும். பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது, குளிர்பெட்டி வழியின் கால்களைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் குழைந்திருந்தது. அங்கே ஃப்யூஸ் உருகவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃப்யூஸ் மின்னோட்டத்தைத்தான் அறியும். மோசமான தொடுபகுதியில் பிறக்கும் சூட்டை அது அறியாது.

இந்தக் குறையைத்தான் 5026 நேராகத் தீர்க்கிறது. இதில் செருகும் கால்கள் கிடையாது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு திருகு; வயரின் முனையில் வளைய லக் (வளைய வடிவ உலோக முனை) ஒன்றைக் கிரிம்ப் செய்து, அதாவது கருவியால் நசுக்கிப் பிடிக்கவைத்து, அதைத் திருகின் கீழ் வைத்து இறுக்க வேண்டும். திருகு சற்றுத் தளர்ந்தாலும் வளையம் கழன்று விழாது. உள்ளே ஓடும் பஸ்பார், அதாவது எல்லா வழிகளுக்கும் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை, வெள்ளீயம் பூசிய செம்பு. வெறும் செம்பும் பித்தளையும் உப்பு ஈரத்தில் பச்சை பிடிப்பதைப் போல வெள்ளீயப் பூச்சு சீக்கிரம் கெடுவதில்லை. மூடியைக் கழற்றிப் பார்க்கும்போதெல்லாம் திருகுகளும் பஸ்பாரும் பளபளப்புக் குறையாமலே இருக்கின்றன. அதே எஞ்சின் அறையில் இருக்கும் மற்ற உலோகப் பாகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. பன்னிரண்டு ஃப்யூஸ் வழிகளுக்கும் பக்கத்திலேயே, அதே பேனலில், பன்னிரண்டு எர்த் திருகுகள் (மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் பாதைக்கானவை) கொண்ட எதிர்முனை பஸ்பார் இருக்கிறது. வண்டிகளில் எர்த் என்றால் கையருகே கிடைத்த தகட்டில் ஒரு துளை போட்டு, ஒரு திருகை ஏற்றிவிடுவது வழக்கம். புது வண்டியில் அது ஓடும். பெயின்ட்டுக்குக் கீழே துருவேறிய பழைய கடற்கரை வண்டியில் ஓராண்டுகூடத் தாங்காது. மங்கிய விளக்கு, விட்டுவிட்டு ஓடும் பம்ப், இரைச்சல் போடும் ரேடியோ ஆகியவற்றில் பெரும்பாலானவை எர்த் கோளாறுகளே. ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு வயர் ஓட்டி, போன மின்னோட்டம் அதே பேனலுக்குத் திரும்பி வரும்படி செய்து, பேனலின் எதிர்முனையிலிருந்து ஒரே ஒரு தடித்த வயரைப் பேட்டரிக்குக் கொண்டுபோனால், வண்டியின் உடம்பு எவ்வளவு துருப்பிடித்தாலும் சாதனங்களுக்குக் கவலையில்லை. வயர் செலவு இருமடங்காகும் என்பது உண்மைதான். அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

பேனலின் வரம்புகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஒரு வழிக்கு உச்சமாக 30 ஆம்பியர், எல்லா வழிகளும் சேர்ந்து 100 ஆம்பியர், மின்னழுத்தம் 32 வோல்ட் வரை. கார்களில் பரவலாக உள்ள ஏ.டி.ஓ., ஏ.டி.சி. வகைத் தகட்டு ஃப்யூஸ்கள் இதில் பொருந்தும். 100 ஆம்பியர் என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், டயருக்குக் காற்றடிக்கும் வலுவான கம்ப்ரஸர்கள் தனியாகவே 30 ஆம்பியரைத் தாண்டுபவை. அவற்றை இந்தப் பேனலில் தொடவே கூடாது. கம்ப்ரஸருக்கும், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச்சுக்கும் பேட்டரியிலிருந்து தனி வயரும் தனிப் பெரிய ஃப்யூஸும் தேவை.

மூடி பிடிப்பாக உட்காருகிறது. அதன் உள்ளே இரண்டு உபரி ஃப்யூஸ்களை வைத்துக்கொள்ள இடமும் உண்டு. ஆனால் அந்த மூடி கைபடுவதையும் ஸ்பேனர் விழுவதையும் தடுக்கும் மூடியே தவிர, தண்ணீர் புகாத மூடி அல்ல. படகுப் பொருள் என்ற பெயரை நம்பி எஞ்சின் அறையில் டயர் சேறு தெறிக்கும் இடத்தில் வைத்தால் வருந்த நேரிடும். நாங்கள் எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரின் உயரமான பகுதியில், பானட்டின் விளிம்பு ரப்பர் முழுதாக இருக்கும் பக்கத்தில் வைத்தோம். பயணிகள் அறைக்குள் இடமிருந்தால் அங்கே வைப்பதே சிறந்தது.

திருகுகள் அமெரிக்க அளவு மரைகள் கொண்டவை. மில்லிமீட்டர் அளவுத் திருகு இதில் ஏறாது, வலிந்து ஏற்றினால் மரை அழிந்துவிடும். டர்பன் வன்பொருள் கடைகளில் மில்லிமீட்டர் திருகே சாதாரணமாகக் கிடைக்கும் என்பதால், வேலை நடக்கும்போது கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதில் போடுவது நல்லது. வழித் திருகுகளுக்கு 4 மி.மீ. துளையுள்ள லக்குகளும், பிரதான முளைகளுக்கு 5 மி.மீ. துளையுள்ளவையும் சரியாக இருந்தன.

இன்னொரு வரம்பு வாங்குமுன்பே சிந்திக்க வேண்டியது. பன்னிரண்டு வழிகளுக்கும் ஒரே பஸ்பார்தான். சாவி போட்டால் மட்டும் உயிர்பெற வேண்டியவை சில, எப்போதும் உயிரோடிருக்க வேண்டியவை சில என்ற பிரிவினை இதில் கிடையாது. பஸ்பாரை இரண்டாகப் பிரித்த வகையையும் அதே நிறுவனம் விற்கிறது. எங்கள் தேவைக்கு, பேனல் முழுவதையும் எப்போதும் உயிரோடு வைத்து, சாவியைப் பின்பற்ற வேண்டியவற்றை மட்டும் ரிலே மூலம் கட்டுப்படுத்துவதே எளிதாக இருந்தது.

பேனலைப் பற்றிய பேச்சில் அதற்கு முன்னால் நிற்க வேண்டிய பிரதான ஃப்யூஸை மறக்கிறவர்கள் அதிகம். பேட்டரியிலிருந்து பேனல் வரை ஓடும் தடித்த வயரை பேனலுக்குள் இருக்கும் எந்த ஃப்யூஸும் காப்பாற்றாது; அந்த வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரியின் முழு வலுவும் அந்த இடத்தில் நெருப்பாகும். ஆகவே பேட்டரி முனையிலிருந்து கைச்சாண் தூரத்துக்குள் ஒரு பிரதான ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். நாங்கள் 16 சதுர மி.மீ. வயருக்கு 80 ஆம்பியர் மிடி வகை ஃப்யூஸை, மூடியுள்ள ஹோல்டரில் வைத்தோம். பேனலின் 100 ஆம்பியர் வரம்புக்கும் அது கீழே இருக்கிறது.

வழி ஃப்யூஸ்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே விதிதான்: ஃப்யூஸ் காப்பது வயரை. 2.5 சதுர மி.மீ. வயர் ஓடும் வழியில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால், சாதனம் கெட்டு அதிக மின்னோட்டம் இழுக்கும்போது ஃப்யூஸுக்கு முன்னால் வயரின் தோல் உருகக்கூடும். அளவு தாண்டியதும் உடனே ஃப்யூஸ் போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறானது. இந்தத் தகட்டு ஃப்யூஸ்கள், குறிக்கப்பட்ட அளவைப் போல 135 விழுக்காடு மின்னோட்டத்தில் பத்து நிமிடம் வரைகூடத் தாங்கலாம் என்று தரநிலையே இடமளிக்கிறது. இருமடங்கு மின்னோட்டத்தில்தான் சில விநாடிகளுக்குள் உருகும். அதாவது 20 ஆம்பியர் ஃப்யூஸ் 27 ஆம்பியரைப் பல நிமிடங்கள் விட்டுவைக்கலாம். அந்த நிமிடங்களை வயர்தான் தாங்க வேண்டும். மறுபக்கம், தொடர்ந்து ஓடும் சாதனம் ஃப்யூஸ் அளவில் முக்கால் பங்குக்கு மேல் இழுக்காதபடி பார்த்துக்கொண்டால் காரணமில்லாமல் ஃப்யூஸ் போகாது. 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், அதற்கு 2.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் நீல ஃப்யூஸ். தண்ணீர் பம்புக்கு 10 ஆம்பியர் சிவப்பு. தொழிற்சாலைகள் நிறத்தை ஒழுங்காகப் பின்பற்றுவதால், இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் எண்ணைப் படிக்க முடியாதபோதும் தவறு நேராது.

குளிர்பெட்டிக்கு மட்டும் வேறு கணக்கு. அது இழுப்பது 5 ஆம்பியர் அளவே. எரியாமல் பார்த்துக்கொள்ள மெல்லிய வயரே போதும் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் பானட்டிலிருந்து கேனோப்பியின் பின்கோடிவரை போக 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர். செம்பு வயரின் எதிர்ப்பு 1 சதுர மி.மீ. பருமனுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 17 மில்லியோம். 1.5 சதுர மி.மீ. வயரில் அந்த 8 மீட்டருக்கு 90 மில்லியோம் ஆகிறது. 5 ஆம்பியரில் ஏறத்தாழ 0.45 வோல்ட் வழியிலேயே போய்விடும், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாகப் போகும். குளிர்பெட்டியின் மின்னணுப் பலகை அந்தக் குறைவைப் பேட்டரி காலியாகிவிட்டது என்று புரிந்துகொண்டு பெட்டியை நிறுத்திவிடும். பேட்டரியோ நன்றாகவே இருக்கும். 6 சதுர மி.மீ. வயர் போட்டதும் இழப்பு ஏறத்தாழ 0.11 வோல்ட்டுக்கு இறங்கியது. பிடித்த மீன் கெடாமல் வீடு வந்து சேர வேண்டும் என்றால் இந்த வயரில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயரையும் வண்டியில் போடக் கூடாது. குலுக்கலில் அது களைத்து முறியும். பல மெல்லிழைகள் கொண்ட வண்டி வயரே தேவை, கிடைத்தால் இழைகளுக்கு வெள்ளீயம் பூசியதே மேல்.

இனி ரிலேக்கள். 5026இல் ரிலேக்கு இடமே இல்லை. அவற்றைத் தனியாக வாங்கித் தனியாக அமைக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தியவை நான்கு கால், ஐந்து கால் கொண்ட வழக்கமான சதுர ரிலேக்கள். 30, 85, 86, 87, 87ஏ என்ற ஜெர்மன் தர எண்கள் எல்லாத் தயாரிப்புகளிலும் ஒன்றே என்பதால் பெரும்பாலான நிறுவனங்களின் ரிலேக்கள் அதே ஹோல்டரில் உட்காரும். 85க்கும் 86க்கும் இடையே சுருள். அதில் 150 மில்லியாம்பியர் அளவு ஓடினால் 30க்கும் 87க்கும் இடையே 30 அல்லது 40 ஆம்பியர் வரை ஓடலாம். மெல்லிய வயரும் சிறிய சுவிட்சும் டாஷ்போர்டில் இருக்க, கனமான மின்னோட்டம் பானட்டுக்குள்ளேயே குறுகிய பாதையில் முடிந்துவிடுகிறது. ஐந்து கால் ரிலேயில் 87ஏ என்ற ஓய்வுநிலைத் தொடுபகுதிக்குப் பொதுவாகக் குறைந்த அளவே அனுமதி என்பதை வாங்கும்போது ரிலேயின் மேல் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிலே எல்லா இடத்துக்கும் நல்லது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. இரவு முழுவதும் ஓட வேண்டிய குளிர்பெட்டியை ரிலே வழியாகக் கொடுத்தால், அந்தச் சுருள் மட்டுமே ஒரு நாளில் 3.6 ஆம்பியர்மணியைக் குடிக்கும், அதோடு ஓயாமல் சூடாகவும் இருக்கும். குளிர்பெட்டியும் இரைத்தொட்டி பம்பும் ஃப்யூஸிலிருந்து நேராகப் போகின்றன, ரிலே கிடையாது. கூரை விளக்கு, வேலை விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹெட்லைட் ஆகியவற்றுக்கு மட்டுமே ரிலே.

ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டதுதான் இந்த வேலை முழுவதிலும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய பலன். எச்4 வகை ஹாலஜன் பல்பில் நீளொளிக்கு (ஹை பீம்) 60 வாட், தாழ்வொளிக்கு (லோ பீம்) 55 வாட் என இரண்டு இழைகள். இரண்டு விளக்கின் நீளொளிக்கும் சேர்த்து 10 ஆம்பியர், டாஷ்போர்டு வரை போய், நாற்பதாண்டு தேய்ந்த சுவிட்சின் வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். ரிலே வழியாகப் பேனலிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தபின், அதே பல்புகள் வேறு வண்டியின் விளக்குகளைப் போல எரிகின்றன. எல்.இ.டி. பல்பு மாற்றுவதற்கு முன் எவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் நேர்முனையை இணைத்துத் துண்டிப்பதில்லை. எதிர்முனையைத்தான் இணைத்துத் துண்டிக்கிறது. பல்பின் பொதுக் காலுக்கு 12 வோல்ட் வந்துகொண்டேயிருக்கும். நீளொளி, தாழ்வொளி மாற்றும் டிப் சுவிட்ச் எந்த இழையை எர்த்துடன் இணைக்கிறதோ அது எரியும். பெட்டியில் வரும் ஆயத்த ஹெட்லைட் வயரிங்குகளில் பெரும்பாலானவை பொதுக்கால் எர்த் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே செருகினால் இவ்வகை வண்டியில் ரிலே இயங்காது. சரியான முறை இது: பழைய எச்4 சாக்கெட்டின் பொதுக் காலிலிருந்து வரும் நேர்முனையை 86க்கும், டிப் சுவிட்சிலிருந்து வரும் வயரை 85க்கும் கொடுக்க வேண்டும், டிப் சுவிட்ச் எர்த் கொடுக்கும்போது சுருள் இயங்கும். தாழ்வொளிக்கு ஒரு ரிலே, நீளொளிக்கு ஒரு ரிலே. பல்புப் பக்கத்தில் புதிய சாக்கெட் போட்டு, பொதுக்காலைப் பேனலின் எதிர்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை தொடங்குமுன் மீட்டரை எடுத்து, விளக்கு அணைந்திருக்கும்போதும் எரியும்போதும் மூன்று கால்களையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் எந்த வண்டியிலும் குழப்பம் வராது.

சுருளின் பின்னடி மின்னழுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரிலேயை அணைக்கும் கணத்தில் சுருளில் தேங்கிய காந்தப்புலம் சரிந்து, சில நூறு வோல்ட் வரை எதிர்த்திசையில் உதைக்கும். பழைய இரும்பு சுவிட்சுக்கு அது தொடுபகுதியில் ஒரு தீப்பொறி மட்டுமே. மின்னணு சுவிட்ச் பலகைக்கோ அது உயிர்க்கேடு. ஆகவே உள்ளேயே மின்தடையோ டயோடோ வைத்த ரிலேக்களையே வாங்க வேண்டும். ரிலேயின் பக்கவாட்டில் உள்ள சிறு வரைபடத்தில் அது தெரியும். டயோடு உள்ளதென்றால் 86க்கு நேர்முனையும் 85க்கு எதிர்முனையும் மாறாமல் கொடுக்க வேண்டும். மாறினால் டயோடு நேராகக் கடத்தி, சுருளுக்கு மின்சாரம் தரும் ஃப்யூஸைப் போக்கிவிடும். மின்தடை வகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புதிதாகச் செய்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ரிலே ஹோல்டரைப் பொறுத்தவரை, ஒன்றோடொன்று பக்கவாட்டில் கோத்துக்கொள்ளும் தனித்தனி ஹோல்டர்களே எங்களுக்கு ஒத்துவந்தன. கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பொருத்த வேண்டும். அப்போதுதான் படியும் ஈரம் கால்களில் தேங்காமல் சொட்டிப்போகும். ஏற்கெனவே வயர் கோத்து வரும் மலிவு ஹோல்டர்களில் கன மின்னோட்டத்துக்கான வயரும் சுருளுக்கான வயரும் ஒரே பருமனில், தோல் மட்டும் தடித்து, உள்ளே செம்பு மெலிந்து இருப்பதைக் கண்டேன். வெட்டிப் பார்க்காமல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

பேனலும் ரிலேயும் ஒரே பெட்டியில், தண்ணீர் புகாமல் வேண்டும் என்பவர்களுக்கு பஸ்மன் நிறுவனத்தின் ஆர்.டி.எம்.ஆர். பெட்டி இருக்கிறது. பத்துச் சிறு ஃப்யூஸ்களும் ஐந்து மைக்ரோ ரிலேக்களும் ஒரே கையடக்கப் பெட்டியில் அடங்கும். வயர்கள் பின்பக்கமாக ரப்பர் முத்திரையுடன் நுழைகின்றன. மூடியிலும் முத்திரை உண்டு. சேறும் அலையும் நேராகத் தெறிக்கும் இடத்தில் 5026ஐ விட இதுவே தகுதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் மெட்ரி-பேக் 280 வகை டெர்மினலில், அதற்குரிய கிரிம்ப் கருவியால் முடித்து, சரியான அளவு முத்திரை கோத்து உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். ஒரு வயரை மாற்ற நினைத்தால் அதைப் பிடுங்கத் தனிக் கருவி வேண்டும். அதன் திறமை தொழிற்சாலை ஒழுங்கோடு ஒருமுறை செய்து முடிக்கும் வண்டிக்கு உரியது. ஆண்டுக்கு ஆண்டு புதுச் சாமான் சேர்க்கிற மீன்பிடி வண்டிக்கு, ஒரு திருகுளியோடு பார்க் ரைனியின் படகுத் துறையிலேயே வழி மாற்ற முடிகிற 5026 எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

வேலையின் பெரும்பகுதியைத் தம்பியும் நானும் செய்தோம். தடித்த வயர்களையும் ஹெட்லைட் பகுதியையும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறிய வாகன மின்பட்டறையில் கொடுத்தோம். அங்கே இருப்பவர் எங்களைவிட மூத்தவர். ஊரில் எல்லோரும் அண்ணா என்றே அழைக்கிறார்கள். 16 சதுர மி.மீ. வயரின் லக்குகளை நீரழுத்தக் கிரிம்ப் கருவியால் அறுகோணமாக அழுத்தி, உட்பக்கம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடித் தந்தார். ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தரும்படி தம்பி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்த இடம் விறைத்துப் போகும், குலுக்கலில் அந்த விறைப்பு முடியும் விளிம்பில்தான் வயர் முறியும் என்று பொறுமையாக விளக்கினார். அண்டர்பர்க்கிலிருந்து 2,876 மீட்டர் உயரத்துக்கு ஏறும் சானி கணவாய்ப் பாதையின் கற்களில் அந்த வண்டி ஏறி இறங்கிய பிறகும் ஒரு முனைகூடத் தளரவில்லை. மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் என்றாலும், ஒவ்வொரு வயருக்கும் எண் ஒட்டி, அந்த எண்களோடு கையால் வரைந்த படம் ஒன்றையும் கொடுத்தார். அந்தப் படத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். குறையாகச் சொல்வதென்றால், அவரிடம் நாள் கிடைப்பது அரிது. ஈஸ்டர் விடுமுறைக்கு முன்பும் சாளை மீன் கூட்டம் வரும் ஜூன், ஜூலை மாதங்களிலும் எல்லோருடைய படகு டிரெய்லரும் அவர் வாசலில்தான் நிற்கும்.

விலையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி. வைத்த மலிவுப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் 5026க்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது, ராண்டின் மதிப்பு இறங்கும்போது இன்னும் கூடும். கடலிலிருந்து தொலைவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே வாழ்ந்து, இரண்டு விளக்கு மட்டும் சேர்க்க நினைப்பவருக்கு இது தேவையில்லை. நல்ல தனி ஃப்யூஸ் ஹோல்டர்கள் இரண்டு போதும். கடற்கரையில் வண்டியை நிறுத்துகிறவர், ஆறு வழிகளுக்கு மேல் தேவைப்படுகிறவர், பழுதைத் தானே பார்க்க விரும்புகிறவர் ஆகியோர் பணத்தைச் சேர்த்து இதையே வாங்கலாம். ஆறு வழிகளே போதுமென்றால் அதே அமைப்பில் 5025 இருக்கிறது. வாங்கும்போதே உபரித் திருகுகளையும், ஒவ்வொரு அளவிலும் ஃப்யூஸ்களையும், ஹோல்டரில் உள்ளதைப் போன்ற ரிலே ஒன்றையும் சேர்த்து வாங்கி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். பொருத்திய முதல் மாதத்தில் ஒருமுறையும் பிறகு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பார்க்க வேண்டும்; முதல் முறை பார்த்தபோது பிரதான முளையின் நட்டு கால் சுற்று ஏறியது, அதன்பின் எதுவும் அசையவில்லை.